ஃபார்மட் போட்டும் போகாதவை
செகண்ட் ஹேண்ட் லேப்டாப் – 5

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் விலை பேசி முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “விண்டோஸ் போட்டுக் கொடுத்துடுவீங்களா?” சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சர்வீஸ் கடையானாலும் சரி, “அதெல்லாம் போட்டுத்தான் சார் தருவோம்” என்று பதில் வந்துவிடும். சென்ற வாரம் திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாம் பார்த்து ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தோம். இந்த வாரம் ஓ.எஸ். விஷயம். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் போட்டுத் தந்த ஓ.எஸ்.ஸை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே ஒரு முறை போடுங்கள். முடிந்தால் பணம் முழுவதும் கைமாறும் முன்பே போட்டுப் பாருங்கள்.

மனை வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் பத்திரம் முடிப்பதில்லை. லேப்டாப்பின் வில்லங்கம் தெரியவருவது புதிதாக ஓ.எஸ். போடும்போதுதான்.

நம் ஊரில் நல்ல நிலையில் கிடைக்கும் பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை கம்பெனிகள் கழித்துவிட்டவை. டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட். உறுதியானவை, தாராளமாக வாங்கலாம். ஆனால் பல கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் பதிந்து வைத்திருக்கும். அந்தப் பதிவு ஹார்ட் டிஸ்கில் இருப்பதில்லை. அந்த லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தோடு சேர்ந்து மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. எனவே டிஸ்கை மாற்றினாலும் ஃபார்மட் போட்டாலும் அது அழியாது.

இது எப்படி வெளியே வரும் என்று பாருங்கள். விண்டோஸ் புதிதாகப் போட்டாகிவிட்டது. நாடு, மொழி, கீபோர்டு என்று வழக்கமான கேள்விகள் வருகின்றன. வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்கிறீர்கள். வட்டம் சற்று நேரம் சுற்றுகிறது. அடுத்த திரையில் உங்கள் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, எங்கேயோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் வருகிறது. அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே வரச் சொல்கிறது. அதற்கு மேல் நகராது. அந்த நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்கினால்தான் உண்டு.

கடையில் பார்த்தபோது ஏன் இது தெரியவில்லை? இணைய இணைப்பு கொடுக்காமல் ஓ.எஸ். போட்டு, ஒரு லோக்கல் அக்கவுன்ட் திறந்து வைத்துவிட்டால் இந்தத் திரை வராமலே போய்விடும். விற்கிறவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். வாங்கியவர் என்றைக்கோ ஒரு நாள் ரீசெட் செய்யும்போது மாட்டிக்கொள்வார். அதனால்தான் சொல்கிறேன்: கடையிலேயே உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, இணைய இணைப்போடு அந்தத் திரையைத் தாண்டிப் பாருங்கள். வாங்கும் முன் செய்யும் சோதனைகளில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

அடுத்தது பயாஸ். டெல்லில் எஃப்2, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2, எச்.பி.யில் எஃப்10 என்று அழுத்தி உள்ளே போகும்போது கடவுச்சொல் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். “பேட்டரியைக் கழற்றி மாட்டினா போயிடும்” என்பார்கள். பழைய டெஸ்க்டாப் போர்டுகளுக்கு அது உண்மை. திங்க்பேடின் சூப்பர்வைசர் கடவுச்சொல் போர்டிலேயே தனிச் சில்லில் இருக்கிறது. அது மறந்துபோனால் போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் தயாரிப்பாளர் தரும் பதில். டெல்லில் ‘கம்ப்யூட்ரேஸ்’ என்று ஒரு பகுதி தெரியும். தொலைந்த லேப்டாப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது. ஆக்டிவேட் ஆகியிருந்தால், டிஸ்கைத் துடைத்துப் புது விண்டோஸ் போட்டாலும் பயாஸிலிருந்து அது திரும்பவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அத்தகைய லேப்டாப்பை வாங்க வேண்டாம்.

இனி நல்ல செய்தி. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களின் லைசென்ஸ் கீ, தயாரிப்பாளராலேயே பயாஸுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன் அடிப்பக்கத்தில் ஸ்டிக்கராக இருந்தது. ஆக, விண்டோஸ் 10 ப்ரோவோடு வந்த கம்பெனி லேப்டாப்பில் நீங்கள் விண்டோஸ் போடும்போது, இன்ஸ்டாலர் அந்தக் கீயைத் தானே படித்துக்கொள்ளும். இணையத்தில் இணைந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். பைசா செலவில்லை. (7, 8 காலத்துக் கீகளை வைத்துப் புதிதாக 10, 11 ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் மூடிவிட்டது. அவ்வளவு பழைய லேப்டாப்புக்கு இது பொருந்தாது.) நம் ஊரில் எத்தனை பேர், உள்ளேயே ஒரிஜினல் லைசென்ஸ் இருக்கும் லேப்டாப்பில் கிராக் போட்ட விண்டோஸை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த ஆக்டிவேட்டர் புரோகிராம்கள் வேலை செய்ய ஆன்ட்டி வைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்த பிறகு உள்ளே வேறு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. நெட் பேங்கிங் செய்யும் லேப்டாப்பில் அது இருக்கவே கூடாது.

போடும் முறை எளிது. 8 ஜிபி பென் டிரைவ், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல், பென் டிரைவிலிருந்து பூட் செய்ய டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்.பி. என்றால் எஃப்9. டிஸ்க் காட்டும் திரையில் இருக்கும் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, காலியிடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் அந்தத் திரை வெறுமையாக இருக்கும், டிஸ்கே தெரியாது. எஸ்.எஸ்.டி. போய்விட்டது என்று பயந்து புதிது வாங்க ஓடாதீர்கள். வி.எம்.டி. என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் டிஸ்க் இருக்கிறது. இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது வாங்குகிறவருக்கு. கொடுக்கிறவருக்கும் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 டிஸ்குகளில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவத் தகவல்கள், சொந்தக் கடிதங்கள். குவிக் ஃபார்மட் போட்டால் போவது அட்டவணைதான். கோப்பு அப்படியே கிடக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் ஒரு முறை மேலெழுதினால் போதும். எஸ்.எஸ்.டி. என்றால் மேலெழுதுவது எல்லா இடத்தையும் எட்டாது. பயாஸில் இருக்கும் செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

துடைக்கும் முன் பேக்கப். போட்டோக்களை யாரும் மறப்பதில்லை. டேலி கணக்கு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்காது என்பதைப் பலர் மறக்கிறார்கள். அதைவிட அதிகமாக மறக்கப்படுவது எழுத்துரு. அப்பாவின் பழைய லேப்டாப்பில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கத்து மினிட்ஸ், ஆய்வேடு எல்லாம் இருக்கும். கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஓ.எஸ். மாற்றுவீர்கள். திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். கோப்பு கெடவில்லை. தமிழாகக் காட்டிக்கொண்டிருந்த எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுத்து வையுங்கள். கையோடு என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாகவும் மாற்றிவிடுங்கள். அடுத்த முறை எந்த ஓ.எஸ். போட்டாலும் அது தமிழாகவே திறக்கும்.

எந்த ஓ.எஸ். போடுவது? விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது டி.பி.எம். 2.0 சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள பிராசஸரும். 7-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்.எஸ்.டி. உள்ள லேப்டாப், கல்லூரிப் பிள்ளைக்கு இன்னும் பல வருடம் உழைக்கும். இந்த ஒரு கோட்டினால் அது குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. விதிகளைச் சுற்றிக்கொண்டு 11 போடும் வழிகள் இருக்கின்றன. அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்ற உறுதி இல்லை. அத்தகைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போடலாம். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. அன்று பிளஸ் டூ படித்தவர்களுக்கு லினக்ஸ் முழுக்கப் புதிதில்லை. பிரவுசர், லிபரே ஆபீஸ், தமிழ் 99 விசைப்பலகை எல்லாம் மின்ட்டில் கிடைக்கும். டேலிக்கும் ஃபோட்டோஷாப்புக்கும் மட்டும் அது சரிப்படாது.

மின்ட்டை டிஸ்கில் போடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, டச்பேட், திரையின் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன், கடைசியாக மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்பது வரை எல்லாவற்றையும் அப்படியே சோதித்துவிட்டு, பிறகு இன்ஸ்டால் கொடுங்கள்.