செங்கண்மாரியும் கீழ்க்காய்நெல்லியும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் எனக்குச் செங்கண்மாரி வந்தது. அம்மம்மா கீழ்க்காய்நெல்லியைத் தேடிப் பிடுங்கி அரைத்து, மோர் கிடைக்காததால் தண்ணீரில் கரைத்துத் தந்தார். சில கிழமைகளில் சுகமானேன். மூலிகைதான் காப்பாற்றியது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

விஞ்ஞானிகளும் இந்தச் செடியை ஆராய்ந்திருக்கிறார்கள். ஹெப்பரைற்றிஸ் பி வைரசைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்கும் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினரும் 1988 இல் 'லான்செற்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். அந்த வைரசை உடலில் நீண்டகாலம் கொண்டிருந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழ்க்காய்நெல்லித் தூள் கொடுக்கப்பட்டது. 37 பேரில் 22 பேரின் குருதியில் வைரசின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் பின்னர் தாய்லாந்தில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் நான் எப்படிச் சுகமானேன்? முகாம்களில் அசுத்தமான நீரால் பரவக்கூடியது ஹெப்பரைற்றிஸ் ஏ. அது அநேகருக்குத் தானாகவே மாறிவிடும். பி வகை குருதி வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். சிலரின் உடலில் அறிகுறியின்றி ஆண்டுக்கணக்கில் தங்கி ஈரலைப் பழுதாக்கும்; புற்றுநோயையும் உண்டாக்கும். கண்ணைப் பார்த்து எந்த வகையென்று சொல்ல முடியாது. குருதிப் பரிசோதனைதான் சொல்லும்.

போர்க்காலத்தில் காயப்பட்டு அவசரமாகக் குருதி ஏற்றப்பட்டவர்கள் ஒருமுறை வைத்தியரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அம்மம்மாவின் கைமருந்தை நான் குறைசொல்லவில்லை. அன்று எங்களிடம் இருந்தது அது மட்டுந்தான்.