கோர்ட் மார்ஷல் எவ்வாறு நடைபெறுகிறது? ராணுவ வீரர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைகள்: ஒரு விளக்கம்

புதுதில்லி: அரசு அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர் விடுப்பு முடிந்தும் பணிக்குத் திரும்பாவிட்டால், அவர் மீது துறை ரீதியான விசாரணை நடைபெறும், மிஞ்சிப்போனால் வேலை பறிபோகும். அதே செயலை ராணுவ வீரர் ஒருவர் செய்தால் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். போதிய காரணமின்றி விடுப்புக் காலத்தைத் தாண்டும் வீரருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க, 1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டம் வழிவகை செய்கிறது. 30 நாள்கள் கடந்தும் அவர் திரும்பாவிட்டால், விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 'படையை விட்டு ஓடியவர்' என்று பதிவு செய்யப்படுகிறார். போர்க்களம் அல்லது அதற்கு நிகரான பணியில் இருக்கும்போது படையை விட்டு ஓடினால், சட்டப்படி மரண தண்டனை வரை விதிக்கலாம்.

சீருடை அணிந்தோருக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சட்டம்? குற்றச்சாட்டு எழுந்தது முதல் மேல்முறையீடு வரை என்ன நடக்கிறது? விரிவாகக் காண்போம்.

அரசியல் சாசனம் என்ன கூறுகிறது?

ஆயுதப்படையினர் கடமையை முறையாக ஆற்றுவதையும், அவர்களிடையே ஒழுங்கு நிலவுவதையும் உறுதிசெய்யும் பொருட்டு, அவர்களுடைய அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அளித்துள்ளது. இதன்படி தரைப்படைக்கும் விமானப்படைக்கும் 1950-ம் ஆண்டின் தனித்தனிச் சட்டங்களும், கடற்படைக்கு 1957-ம் ஆண்டின் சட்டமும் நடைமுறையில் உள்ளன.

கீழமைத் தீர்ப்புகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதியுடன் மேல்முறையீடு செய்ய வழிவகுக்கும் 136-வது பிரிவு, ராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பொருந்தாது. உயர் நீதிமன்றங்களின் கண்காணிப்பு அதிகாரமும் அவற்றின் மீது இல்லை. எனினும், ரிட் மனு தாக்கல் செய்யும் உரிமை முற்றிலும் மறுக்கப்படவில்லை.

முதல் கட்டம்: கட்டளை அதிகாரி முன் விசாரணை

ஒரு வீரர் மீது குற்றச்சாட்டு எழுந்தால், அவர் முதலில் நிறுத்தப்படுவது அவருடைய படைப்பிரிவின் கட்டளை அதிகாரி முன்பாகத்தான். 1954-ம் ஆண்டின் ராணுவ விதிகளின்படி, குற்றச்சாட்டு வீரரின் முன்னிலையில் விசாரிக்கப்பட வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தமக்கு ஆதரவான சாட்சிகளை அழைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. காவலில் வைக்கப்பட்ட வீரர் மீதான குற்றச்சாட்டை 48 மணி நேரத்துக்குள் விசாரிக்கத் தொடங்க வேண்டும் என்பது பொது விதி.

விசாரணையின் முடிவில் கட்டளை அதிகாரி குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்யலாம்; தாமே சிறு தண்டனை விதிக்கலாம்; அல்லது சாட்சியங்களை எழுத்துபூர்வமாகப் பதிவு செய்து கோர்ட் மார்ஷல் விசாரணைக்கு அனுப்பலாம். வீரர்களுக்கு அவரவர் நிலைக்கேற்ப 28 நாள்கள் வரை ராணுவக் காவலில் சிறை, முகாமை விட்டு வெளியேறத் தடை, கூடுதல் காவல் பணி, கண்டிப்பு, 14 நாள் ஊதியம் வரை அபராதம் ஆகியவற்றை அவர் விதிக்கலாம். பெரும்பாலான சிறு தவறுகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

நான்கு வகை ராணுவ நீதிமன்றங்கள்

ராணுவச் சட்டத்தின் 108-வது பிரிவு நான்கு வகை கோர்ட் மார்ஷல்களைக் குறிப்பிடுகிறது.

பொது ராணுவ நீதிமன்றம்: குறைந்தது 5 அதிகாரிகளைக் கொண்டது. ஒவ்வொருவரும் குறைந்தது 3 ஆண்டுகள் அதிகாரியாகப் பணியாற்றியிருக்க வேண்டும். நால்வரேனும் கேப்டன் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் இருக்க வேண்டும். அதிகாரிகள் உள்பட எவரையும் விசாரித்து, மரண தண்டனை வரை விதிக்க இதற்கு அதிகாரம் உண்டு.

மாவட்ட ராணுவ நீதிமன்றம்: குறைந்தது 3 அதிகாரிகளைக் கொண்டது. அதிகாரிகளையும், சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளையும் விசாரிக்க இயலாது. அதிகபட்சமாக 2 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கலாம்.

சுருக்கமான பொது ராணுவ நீதிமன்றம்: களப்பணியில் அவசரத் தேவை எழும்போது கூட்டப்படுவது. 3 அதிகாரிகள் இருந்தாலே போதும். ஆனால், பொது ராணுவ நீதிமன்றத்துக்குரிய முழு அதிகாரமும் இதற்கு உண்டு.

சுருக்க ராணுவ நீதிமன்றம்: கட்டளை அதிகாரி ஒருவரே நீதிமன்றமாகச் செயல்படுவது. விசாரணையின்போது வேறு இருவர் உடனிருப்பர். ஆனால், தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் உள்ள அதிகாரி ஓராண்டு வரையும், அதற்குக் கீழான நிலையில் உள்ளவர் 3 மாதங்கள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். பணியிலிருந்து நீக்கவும் செய்யலாம்.

உணவு உண்ண மறுத்த வீரரின் வழக்கு

இவற்றுள் மிகுந்த விமர்சனத்துக்கு உள்ளாவது சுருக்க ராணுவ நீதிமன்றமே. குற்றம் சாட்டும் படைப்பிரிவின் தலைவரே நீதிபதியாகவும் அமர்கிறார். வீரருக்குத் துணையாக 'நண்பர்' ஒருவர் இருக்கலாம். ஆனால், அவர் ஆலோசனை கூறலாமே தவிர, சாட்சிகளை விசாரிக்கவோ வாதாடவோ இயலாது.

இதன் விளைவை 1987-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு எடுத்துக்காட்டுகிறது. தகவல் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த வீரர் ஒருவர், தம் அதிகாரி தம்மைத் தவறாக நடத்துவதாக உயரதிகாரிகளுக்கு நேரடியாகப் புகார் அனுப்பினார். உரிய வழியைப் பின்பற்றவில்லை எனக் கூறி அவருக்கு 28 நாள்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனையை அனுபவித்து வந்தபோது, 1985-ம் ஆண்டு மார்ச் 29-ம் தேதி, உணவு உண்ணுமாறு இடப்பட்ட கட்டளைக்கு அவர் கீழ்ப்படியவில்லை என்று புதிய குற்றச்சாட்டு எழுந்தது. மறுநாளே சுருக்க ராணுவ நீதிமன்றம் கூடியது. அவர் யார் மீது புகார் அளித்திருந்தாரோ, அந்த அதிகாரியே அதில் இடம்பெற்றிருந்தார். விதிக்கப்பட்ட தண்டனை, ஓராண்டு கடுங்காவலும் பணிநீக்கமும்.

ஒருதலைச் சார்பு இருப்பதாக நியாயமான ஐயம் எழும் நிலையில் அந்த விசாரணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத கடுமையான தண்டனை மனசாட்சியை உலுக்குவதாகக் குறிப்பிட்ட நீதிமன்றம், அவரை மீண்டும் பணியில் அமர்த்தவும் உத்தரவிட்டது. தண்டனை குற்றத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் இன்றளவும் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுகின்றனர்.

விசாரணையில் என்னென்ன பாதுகாப்புகள் உள்ளன?

பொது ராணுவ நீதிமன்றத்திலும் மாவட்ட ராணுவ நீதிமன்றத்திலும் நிலைமை வேறு. குற்றப்பத்திரிகை வழங்கப்பட்ட பிறகு, தயாரிப்புக்காக வீரருக்குக் குறைந்தது 96 மணி நேரம் அளிக்கப்பட வேண்டும். களப்பணியில் இது 24 மணி நேரமாகும். அவர் வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளலாம். அமர்வில் உள்ள எந்த அதிகாரியின் மீதும் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

பொது ராணுவ நீதிமன்றத்தில் 'ஜட்ஜ் அட்வகேட்' எனப்படும் சட்ட அதிகாரி கட்டாயம் உடனிருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியைவிட அவர் நிலையில் தாழ்ந்தவராக இருக்கக் கூடாது என்று 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு பெரும்பான்மை அடிப்படையில் அமையும். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் முடிவு வீரருக்குச் சாதகமாகும். பொது ராணுவ நீதிமன்றத்தில் மரண தண்டனைக்கு மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் தேவை. மூத்தவரின் கருத்து இளையவரைப் பாதிக்காதிருக்க, நிலையில் தாழ்ந்த உறுப்பினரே முதலில் கருத்துக் கூற வேண்டும்.

எனினும், அமர்வு வழங்கும் தீர்ப்பு உடனே இறுதியாகிவிடாது. உயரதிகாரி உறுதிசெய்த பின்னரே அது செல்லுபடியாகும். விடுதலைத் தீர்ப்புக்கும் இது பொருந்தும். மறுபரிசீலனை செய்யுமாறு அவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். சுருக்க ராணுவ நீதிமன்றத்தின் தண்டனைக்கோ பொதுவாக இத்தகைய உறுதிப்பாடு தேவையில்லை. அது உடனடியாக நிறைவேற்றப்படும்.

பொதுமக்களுக்கு எதிரான குற்றங்கள்

திருட்டு, மோசடி போன்ற பொதுக் குற்றங்களில் ஈடுபடும் வீரரைக் குற்றவியல் நீதிமன்றம், ராணுவ நீதிமன்றம் ஆகிய இரண்டுமே விசாரிக்கலாம். எது விசாரிப்பது என்பதை ராணுவ உயரதிகாரி தீர்மானிப்பார். முரண்பாடு எழுந்தால் மத்திய அரசு முடிவெடுக்கும். பொதுமக்களில் ஒருவரைக் கொலை செய்தல், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றை ராணுவ நீதிமன்றம் விசாரிக்க இயலாது. களப்பணி, வெளிநாட்டுப் பணி, அறிவிக்கப்பட்ட எல்லைக் காவல் நிலை ஆகியவற்றில் நிகழ்ந்த குற்றங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

ஜம்மு-காஷ்மீரின் மச்சில் பகுதியில் 2010-ல் 3 பேர் கொல்லப்பட்ட வழக்கில், அதிகாரிகள் உள்பட 5 ராணுவத்தினருக்குக் கோர்ட் மார்ஷல் ஆயுள் தண்டனை விதித்தது. 2017-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அத்தண்டனையை நிறுத்திவைத்தது.

மேல்முறையீட்டுக்கு என்ன வழி?

ராணுவ நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து ஒரு மேல்முறையீட்டுக்குக்கூட வழியில்லாதது பெருங்குறை என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கால் நூற்றாண்டுக்குப் பின்னர், ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-ல் நிறைவேறியது. 2009 ஆகஸ்டில் தீர்ப்பாயம் தொடங்கிவைக்கப்பட்டது. தில்லியில் முதன்மை அமர்வும், சென்னை, கொச்சி உள்ளிட்ட நகரங்களில் மண்டல அமர்வுகளும் செயல்படுகின்றன. ஒவ்வொரு அமர்விலும் நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் படைத்துறை அனுபவம் கொண்ட உறுப்பினர் ஒருவரும் இடம்பெறுவர்.

சுருக்க ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனை, பணிநீக்கமாகவோ 3 மாதங்களுக்கு மேற்பட்ட சிறையாகவோ இருந்தால் மட்டுமே தீர்ப்பாயத்தை அணுகலாம். தீர்ப்பாயத்தின் உத்தரவுக்கு எதிராக உயர் நீதிமன்றங்களில் ரிட் மனு தாக்கல் செய்யத் தடையில்லை என்று 2023 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

'சிவப்பு மை' பதிவுகளும் ஓய்வூதியமும்

கோர்ட் மார்ஷல் இன்றியும் ஒரு வீரர் வேலையை இழக்கக்கூடும். கடுமையான சிறு தண்டனைகள் பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறிக்கப்படுகின்றன. இத்தகைய 4 பதிவுகள் சேர்ந்தால், 'தேவையற்றவர்' என்று வீரரைப் பணியிலிருந்து விடுவிக்கும் நடைமுறை உள்ளது. சிப்பாய் ஓய்வூதியம் பெறப் பொதுவாக 15 ஆண்டுகள் பணி நிறைவு பெற வேண்டும் என்பதால், அதற்கு முன்னர் விடுவிக்கப்படுபவரின் குடும்பம் வாழ்நாள் வருவாயை இழக்கிறது.

பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இயந்திரத்தனமாக விடுவிக்கக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றத்தின் தன்மை, பணிக்காலம், கடினமான பகுதிகளில் ஆற்றிய பணி, ஓய்வூதியத் தகுதியை நெருங்கியுள்ளாரா என்பன கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்றும், முன்னதாக விசாரணை நடத்தப்பட வேண்டும் என்றும் அது கூறியது.

அண்மைய மாற்றங்கள்

முப்படையினரும் இணைந்து பணியாற்றும் அமைப்புகளில், வேறு படையைச் சேர்ந்த வீரர் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தலைமை அதிகாரிக்கு இல்லாமல் இருந்தது. இதை மாற்றும் 2023-ம் ஆண்டின் சட்டம், 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆயினும் அந்தந்தப் படைக்குரிய சட்டங்களில் உள்ள குற்றங்களோ தண்டனைகளோ மாறவில்லை. கட்டளை அதிகாரி ஒருவரே நீதிபதியாக அமரும் சுருக்க ராணுவ நீதிமன்ற முறையும் அப்படியே தொடர்கிறது.