ஆற்றங்கரைக் கோரையும் அயலூர் இலையும்

கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகள் தாமிரபரணியின் நீரைத் தேக்கித் திருப்பி, காரும் பிசானமுமாக இருபோகம் விளையும் வயல்களுக்கு வழங்கி வந்தபோதிலும், அவ்வயல்களில் நாற்று நடுபவர்க்கும் கதிரறுப்பவர்க்கும் அந்தச் சில வாரங்கள் நீங்கலாக நிலையான வேலை இருந்ததில்லை. சொந்த நிலமில்லாத குடும்பங்கள் நடவுக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடனில் கழிப்பது இப்பிரதேசத்தின் பழைய வழக்கம்.

சுதந்திர இந்தியாவில் திட்டம் தீட்டியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1952ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டத்திலும், 1955இல் கிராமக் கைத்தொழில்களை ஆராய்ந்த கார்வே குழுவின் யோசனைகளிலும், பயிர்த்தொழில் ஒன்றே கிராமத்தைத் தாங்கிவிடாது என்ற உணர்வு தெளிவாகவே காணப்படுகிறது. கூட்டுறவுச் சங்கங்களும் பயிற்சி நிலையங்களும் தொழிற்பேட்டைகளும் அவ்வுணர்வின் விளைவுகளே. ஆயினும் ஒரு தொழில் வீட்டுத் திண்ணைவரை வந்து வேரூன்ற என்ன வேண்டும் என்பதை, இப்பள்ளத்தாக்கின் இரண்டு தொழில்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

ஒன்று பத்தமடைப் பாய். ஆற்றங்கரையில் வளரும் கோரையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் சில நாள் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, ஒவ்வொரு தண்டையும் மெல்லிய நார்களாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக ஓட்டி, அவ்வூர் இஸ்லாமியக் குடும்பத்தினர் நெய்யும் நேர்த்தியான பாயைத் துணிபோல மடித்துவிடலாம். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மூலப்பொருள் அருகில், கலை பரம்பரையாகக் கையில், கீர்த்தியோ கடல் கடந்து. இத்தனையும் இருந்தும் தறியில் அமர்வோர் அருகிவிட்டனர். ஏனெனில் கோரை வாங்குவதும், வாரக்கணக்கில் உழைத்து முடித்த பாய்க்கு வாங்குவோரைத் தேடுவதும் நெய்பவர் தலையிலேயே விழுகின்றன. பிளாஸ்டிக் பாயோ தெருமுனைக் கடையிலேயே தொங்குகிறது.

மற்றொன்று பீடி. முக்கூடலிலும் கடையம், ஆலங்குளம் வட்டாரங்களிலும் பெண்கள் சுளகை மடியில் வைத்து இலை கத்தரித்துச் சுற்றும் இத்தொழிலுக்கு வேண்டிய இலை இப்பகுதியில் விளைவதன்று. மத்தியப் பிரதேசம் முதலான தொலைதூரக் காடுகளிலிருந்து வருவது. எந்த ஐந்தாண்டுத் திட்டமும் இத்தொழிலை இங்கே நட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பீடிக்கடைக்காரர் இலையையும் புகையிலைத் தூளையும் எடைபோட்டுக் கொடுக்கிறார். சுற்றி முடித்ததை அவரே வாங்கிக்கொண்டு ஆயிரத்துக்கு இன்ன கூலி என்று கொடுக்கிறார். மழையானாலும் வெயிலானாலும், அடுப்பையும் குழந்தையையும் விட்டகலாமல் செய்யத்தக்க வேலை. இதை நான் புகழவில்லை. புகையிலைத் தூசியின் இருமலும், தரமில்லை என்று கழித்த பீடிகளுக்குக் கூலி மறுக்கப்படும் வழக்கும் யாவரும் அறிந்தவை; பீடித் தொழிலாளருக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டமும் 1976ஆம் ஆண்டின் நலநிதியும் அக்கொடுமைகளைச் சிறிது தணிக்க வந்தவையே. எனினும் மூலப்பொருளைக் கொண்டுவந்து தருவதும் விளைபொருளை ஏற்றுக்கொள்வதுமான இரு பொறுப்புகளையும், லாபத்துக்காகவேனும், ஒருவர் ஏற்றதால் அந்தத் தொழில் பரவியது.

நிலத்தை முதலில் வாங்கிவிட்டால் தொழில் தானே வரும் என்ற நம்பிக்கையின் கதியை நாங்குநேரியில் காணலாம். சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென ஒதுக்கிய சுமார் 2,500 ஏக்கரில் பெரும்பகுதி நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது. கங்கைகொண்டானில் டயரும் சூரிய மின்கலமும் செய்யும் ஆலைகள் எழுந்தது உண்மையே. ஆனால் வீட்டை விட்டு வரவியலாத பெண்ணுக்கு ஆலையின் வாசல் தூரம்தான்.

உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழக அரசு தொடங்கிய ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டம் 120 வட்டாரங்களில் வேளாண்மை சாராத சிறுதொழில்களுக்குக் கடனும் ஆலோசனையும் அளிக்க முற்பட்டது. இத்தகைய திட்டங்களின் அதிகாரிகள் பயிற்சிச் சான்றிதழ் பெற்றோரின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்பாக, சாயமேற்றிய கோரையைத் தறிக்கே கொண்டுவந்து கொடுத்து, குறித்த நாளில் குறித்த விலைக்குப் பாயை எடுத்துச்செல்ல யார் இருக்கிறார்கள் என்று பத்தமடையில் ஒருமுறை விசாரிக்கட்டும்.