வாயையும் பார்க்க வேண்டும்

உடம்பை ஒரு வைத்தியரிடமும் பற்களை மட்டும் வேறொரு வைத்தியரிடமும் ஒப்படைப்பதற்கு நாம் பழகிவிட்டபடியால், இரண்டிலும் ஓடுவது ஒரே ரத்தம் என்ற விஷயம் நோயாளிக்கு மட்டுமன்றி, சில வேளைகளில் வைத்தியம் செய்கிறவர்களுக்குமே மறந்துபோகிறது. இந்த மறதியினால் பெரிதும் துன்புறுகிறவர்கள் நீரிழிவு நோயாளிகள். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈறுகள் எளிதில் வீங்கிச் சீழ்பிடித்து, பற்களைத் தாங்கும் எலும்பு கரைகிறது. அந்த ஈறுகளின் அழற்சியோ இன்சுலினின் காரியத்தைக் கெடுத்துச் சர்க்கரையை மேலும் ஏற்றிவிடுகிறது. 1993-ஆம் ஆண்டில் ஹெரால்ட் லோ என்ற பல்நோய் அறிஞர், ஈறுநோயை நீரிழிவின் ஆறாவது உபாதையென்றே கணக்கிட்டு எழுதினார். ஈறுகளுக்குத் தக்க சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு ஏறக்குறைய 0.4 சதவிகிதப் புள்ளி இறங்குகிறதென்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. சொற்பமாகத் தோன்றினாலும் இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. சர்க்கரைக்கு மருந்தெழுதுகிறவர், பாதங்களைப் பரிசோதிக்கும்போதே, பல் துலக்கினால் ரத்தம் கசிகிறதா, பல் ஏதேனும் ஆடுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது.

மருந்துகளின் சங்கதியும் இதுபோன்றதே. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயினும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபினும் சிலருக்கு ஈறுகளைத் தடிக்கச் செய்கின்றன. புற்றுநோய்க்கும் எலும்பு மெலிவுக்கும் கொடுக்கும் சில மருந்துகளைப் பெற்றவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினால், தாடை எலும்பு ஆறாமலே நின்றுவிடுவதுண்டு. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவருக்கோ, பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே ஆண்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும். ரத்தம் உறையாதிருக்கத் தந்த மாத்திரையை, பல் பிடுங்கப் போகிறோமென்று நோயாளி தாமாகவே நிறுத்திவிட்டு வருவதைப்போல அபாயகரமானது வேறில்லை. மருந்து எழுதியவரும் பல்லைத் தொடுகிறவரும் ஒருவருக்கொருவர் நான்கு வரி எழுதிக்கொண்டால் இவற்றில் பெரும்பாலான இன்னல்கள் நேரவே மாட்டா.

எல்லாவற்றினும் எனக்குக் கவலை தருவது பாக்கும் புகையிலையும். ஆரோக்கியமான வாய்க்குள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்கலாம். நெடுநாள் பாக்கு மென்ற ஒருவருக்கு, காரம் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளிறி நார்நாராக விறைத்து, இரண்டு விரலுக்கும் இடமில்லாதபடி வாய் இறுகிப்போயிருந்தால், பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய வியாதி அங்கே குடியேறிவிட்டதென்று அறிய வேண்டும். இதைக் காண்பதற்கு வெளிச்சமும் கண்ணுமே கருவிகள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய பெரியதோர் ஆராய்ச்சியில், மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டுமே பெற்ற சுகாதார ஊழியர்கள், முப்பத்தைந்து வயது கடந்தவர்களின் வாய்களைப் பார்வையிட்டார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றினால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005-இல் முடிவு வெளியாயிற்று. பயிற்சி பெற்ற ஊழியரால் சாத்தியமான ஒரு காரியம், காய்ச்சலுக்கும் இருமலுக்கும் நாம் தேடிப்போகும் குடும்ப வைத்தியருக்கு அசாத்தியமாக இருக்க நியாயமில்லை.

அவர் பார்க்க மறந்தால் நீங்களே கேளுங்கள். பல் வைத்தியரிடம் செல்லும்போது, சாப்பிட்டுவரும் மருந்துச் சீட்டுகளை ஒன்று விடாமல் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண் வாயில் இருந்தால், வலிக்கவில்லையே என்று காத்திராமல் உடனே காட்டிவிடுங்கள்.