ஓடும் விர்ச்சுவல் மெஷினில் மெமரியைக் குறைப்பது எப்படி?

லினக்ஸையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அதற்காக விண்டோஸை அழிக்கத் தேவையில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச புரோகிராமை நிறுவிக்கொண்டால், விண்டோஸில் ஒரு விண்டோவுக்குள்ளேயே உபுண்டு லினக்ஸ் இயங்கும். இப்படி கம்ப்யூட்டருக்குள் இயங்கும் கற்பனைக் கம்ப்யூட்டரைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். கம்ப்யூட்டர்தான் கற்பனை, அது சாப்பிடும் ராம் மெமரி நிஜம். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம். வேகமாக ஓடட்டும் என்று உபுண்டுவுக்கு 6 ஜிபி, அதாவது 6144 எம்பி ஒதுக்கினேன். மீதி 2 ஜிபியில் விண்டோஸ், பிரவுசர், பாதி டைப் செய்த ஒரு வேர்டு பைல். உபுண்டுவில் நாலைந்து புரோகிராம்களைத் திறந்ததும் மவுஸ் ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. ராமில் இடமில்லாமல் விண்டோஸ், டிஸ்க்கில் உள்ள பேஜ் பைலில் தகவல்களை எழுதுவதும் எடுப்பதுமாக இருந்தது. பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். சேவ் செய்யாத இரண்டு மணி நேர டைப்பிங் போயே போய்விட்டது.

மெஷின் ஓடும்போது செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போனால், பேஸ் மெமரி மாற்ற முடியாதபடி மங்கலாக இருக்கும். சேவ் ஸ்டேட் கொடுத்து மூடியிருந்தாலும் இதே கதைதான். ஆனால் ஒரு வழி இருக்கிறது. பெயர் பலூன். 2010-ல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 3.2 பதிப்பிலேயே இது சேர்க்கப்பட்டுவிட்டது.

உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைப் புரோகிராமை முன்பே நிறுவியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அளவு மெமரியை அது உபுண்டுவிடம் கேட்டு வாங்கி, தான் தொடாமல் விண்டோஸிடம் கொடுத்துவிடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து, வேறொருவரை உட்கார வைப்பது போலத்தான்!

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் ஆரக்கிள், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போல்டருக்குச் செல்லுங்கள். இந்த வரியை ஆங்கில எழுத்துகளில், இடைவெளிகளை இங்குள்ளபடியே விட்டு டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

விபாக்ஸ்மேனேஜ் கன்ட்ரோல்விஎம் உபுண்டு கெஸ்ட்மெமரிபலூன் 2048

உபுண்டு என்ற இடத்தில் உங்கள் மெஷினுக்கு நீங்கள் வைத்த பெயர் வர வேண்டும். பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

இந்த எண்ணில் நான் முதலில் ஏமாந்தேன். 2048 என்பது உபுண்டுவுக்கு விட்டுவைக்கும் அளவு அல்ல, அதனிடமிருந்து பிடுங்கும் அளவு. 6144-ல் 2048 போனால் 4096 மிஞ்சும். "4 ஜிபி இருக்கட்டும்" என்று நினைத்து நான் 4096 கொடுத்திருந்தேன். பாவம், உபுண்டுவுக்கு 2 ஜிபிதான் கிடைத்தது. மெமரி மிகவும் குறைந்தால் லினக்ஸ் தானாகவே ஏதாவது ஒரு புரோகிராமை மூடிவிடும். எனவே உபுண்டுவுக்குள் உள்ள வேலைகளை முதலில் சேவ் செய்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். திருப்பிக் கொடுக்க அதே கட்டளையில் 0 போதும்.

பலூனால் குறைக்கலாம், ஆரம்பத்தில் ஒதுக்கிய 6144-க்கு மேல் ஏற்ற முடியாது. மேக் கம்ப்யூட்டரில் இந்த வசதி கிடையாது. ஓடும்போதே கூட்டவும் வேண்டும் என்பவர்கள் விண்டோஸ் 10, 11 புரோ பதிப்புகளில் உள்ள ஹைப்பர்-வி பக்கம் போகலாம். ஹோம் பதிப்பில் அது இல்லை.

அவசரம் தீர்ந்ததும் மெஷினை முறைப்படி ஷட்டவுன் செய்து, பேஸ் மெமரியையே குறைத்துவிடுங்கள். அங்குள்ள ஸ்லைடரில் பச்சை, சிவப்பு என்று பகுதிகள் தெரியும். பச்சைக்குள் நிற்பது நல்லது. என் உபுண்டு இப்போது 3072 எம்பியில் ஓடுகிறது. வேர்டும் பக்கத்திலேயே திறந்திருக்கிறது.