பழைய பைபர் படகு: எஞ்சினுக்கு முன் உடலைப் பாருங்கள்

கடலை நம்பி வாழும் குடும்பத்திற்குப் படகு ஒரு சொத்து மட்டுமன்று. வீட்டில் அடுப்பெரிவதும், பிள்ளைகள் பள்ளி செல்வதும், பெண் மக்களின் திருமணம் நடப்பதும் அதைப் பொறுத்தே இருக்கின்றன. அத்தகைய படகு முதுமையடைந்தால் என்ன செய்வது? புதியது வாங்க வசதியற்றோர் பழையதைச் சீர்செய்து ஓட்டவே விரும்புவர். அது நல்ல எண்ணமே. ஆனால் சீர்செய்தல் என்றால் புதுச் சாயம் பூசுவதும், முன்னிலும் வலிமை மிக்க எஞ்சினைப் பொருத்துவதும்தான் என்று பலர் கருதுகின்றனர். கையிலுள்ள பணம் முழுவதும் எஞ்சினுக்குச் சென்றுவிடுகிறது. படகின் உடலைத் தட்டிப் பார்ப்பாரில்லை. கரையில் அழகாய்த் தோன்றும் அந்தப் படகு நடுக்கடலில் ஆளைக் கைவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்ய எவராலும் இயலாது.

லாஸ்பேட்டையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் சோலை நகர், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள் கடலோரமாய் அமைந்திருக்கின்றன. முன்னொரு காலத்தில் கட்டுமரங்கள் கிடந்த மணலில் இப்போது கண்ணாடியிழைப் படகுகள் நிற்கின்றன. மக்கள் வழக்கில் அவை 'பைபர் படகு'கள். அவற்றுள் பல இன்று இருபது வயதை எட்டியவை.

கட்டுமரத்திலிருந்து பைபர் வரை

மரக்கலம் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து மரக்காயர்கள் கலம் செலுத்தி வாணிபம் செய்த வரலாறு நாமறிந்ததே. அந்நாளில் மரக்கலத்தைக் கரையேற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்ப்பது கட்டாயக் கடமையாக இருந்தது. மரம் தன் நோயை மறைப்பதில்லை; உளுத்தால் கண்ணுக்குத் தெரியும், கசிந்தால் ஓசையின்றியேனும் நீர் காட்டிக் கொடுக்கும். கட்டுமரமோ இன்னும் எளியது. கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தலாம். அலை எத்துணை முறை புரட்டினாலும் அது மூழ்காது; ஏனெனில் அதன் ஒவ்வொரு மரமும் மிதக்கும் இயல்புடையது.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979ஆம் ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தினர் 1980களில் அலைமோதும் மணற்கரையிலிருந்தே இறக்கவும் ஏற்றவும் தக்க படகுகளை வடிவமைத்துச் சோதித்தனர். அவற்றுள் கண்ணாடியிழைப் படகுகளும் இருந்தன. எனினும் நம் கரையில் பெருமாற்றம் நேர்ந்தது 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய பின்னரே. கட்டுமரங்களும் படகுகளும் நொறுங்கிப்போன நிலையில், நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. தேவை அவசரமானது, எனவே குறுகிய காலத்தில் புதிய புதிய பட்டறைகள் தோன்றின. நன்கு கட்டப்பட்டவையும் உண்டு. அவசரத்தில் இழை குறைத்துக் கட்டப்பட்டவையும் உண்டு. அதன்பின் 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலும், 2024 நவம்பர் 30 அன்று 'பெஞ்சல்' புயலும் புதுச்சேரிக் கரையைத் தாக்கின. இத்தனையையும் தாங்கி வந்த உடலுக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் எஞ்சினை மட்டும் மாற்றுவது அறிவுடைமையாகுமா?

வெளியே பளபளப்பு, உள்ளே நோய்

கண்ணாடியை நூலினும் மெல்லிய இழையாக்கி, அவ்விழைகளை ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காய் அச்சில் படியவைத்தால் கிடைப்பதே படகின் உடல். வெளிப்புறத்தில் வழவழப்பாய் இருப்பது 'ஜெல்கோட்' என்னும் மெல்லிய பூச்சு. வலிமை இழையில் இருக்கிறது. பூச்சு அதற்குப் போர்வை மட்டுமே. போர்வை கிழிந்தால் உப்புநீர் உள்ளே இறங்கும்.

ஆயினும், நோய் முதலில் பற்றும் இடம் பெரும்பாலும் பின்பலகையே. எஞ்சினைத் தாங்கும் அப்பலகை பார்வைக்குக் கண்ணாடியிழையாய்த் தோன்றினாலும், பல படகுகளில் அதன் நடுவே ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். எஞ்சினைப் பிணைக்கத் துளையிட்ட இடங்களில் நீர் கசிந்து, ஒட்டுப்பலகை உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும். வெளியில் ஒரு கீறலும் தெரியாது.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. சிறு சுத்தியலால் பின்பலகை முழுவதையும் விரலளவு இடைவெளியில் தட்டிக்கொண்டே வரவேண்டும். நல்ல இடம் கணீரென ஒலிக்கும். மக்கிய இடமும் அடுக்கு பிரிந்த இடமும் 'தொப்'பென்று மந்தமாய் ஒலிக்கும். ஐயமிருந்தால் உட்புறமாகச் சிறு துளையிட்டு, வரும் தூளைப் பாருங்கள். உலர்ந்த வெளிர்நிறத் தூள் என்றால் நலம். கறுத்து ஈரமாய் வந்தால் பலகையை மாற்றியே ஆகவேண்டும். உட்புற இழையை வெட்டி நீக்கி, மக்கிய மரத்தைச் சுரண்டியெடுத்து, நன்கு உலரவிட்டு, கடல் உபயோகத்திற்கான ஐ.எஸ். 710 தரமுள்ள ஒட்டுப்பலகையை ரெசினில் பதித்து மூடவேண்டும். பின்னர் போடும் ஒவ்வொரு துளையின் உட்சுவரையும் ரெசினால் அடைத்துப் பூசுதல் இன்றியமையாதது. அதைச் செய்யாவிட்டால் சில ஆண்டுகளில் அதே நோய் திரும்பும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது அடிப்பாகம். நாள்தோறும் மணலில் இழுபடும் படகின் அடி, உப்புத்தாள் கொண்டு தேய்த்தாற்போலத் தேய்ந்துகொண்டே வரும். வெண்ணிற இழை வெளியே தெரிந்தால் அது எச்சரிக்கை. துறைமுக நீரிலேயே நிற்கும் படகுகளில் மற்றொரு குறை தோன்றும்: பூச்சின்மேல் கொப்புளங்கள். அவற்றைக் குத்தினால் புளித்த வாடையுடன் நீர் வரும். அவற்றின்மேல் சாயம் பூசுவது புண்ணை மறைத்துச் சட்டை அணிவதைப் போன்றது. கொப்புளத்தைத் திறந்து, நன்னீரால் கழுவி, முற்றிலும் உலரவைத்த பின்னரே அடைக்க வேண்டும்.

ஒட்டுப் போடும் முறை

ஓட்டையின்மேல் ஒரு துண்டு இழையை ஒட்டிவிட்டால் போதாது. ஓட்டையைச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிப்பைப்போல் பன்னிரு மடங்கு அகலம் என்பது நல்ல அளவு. ஐந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள இடத்தில் நாற்புறமும் அறுபது மில்லிமீட்டர் சரிவு வேண்டும். பழைய சாயமோ எண்ணெயோ ஈரமோ எஞ்சியிருந்தால் புதிய இழை பிடிக்காது. சரிவில் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். வெண்புள்ளியாய்த் தெரியும் குமிழ் ஒவ்வொன்றும் நாளைய விரிசல். 'மேட்' எனப்படும் விரிப்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரைக் கிலோ ரெசின் தேவை. அதிகம் ஊற்றினால் வலிமை கூடும் என்பது தவறு. ரெசின் மிகுந்தால் நொறுங்கும், குறைந்தால் நீரை உறிஞ்சும்.

சாதாரணப் பாலியெஸ்டர் ரெசினைக் காட்டிலும் 'ஐசோ' வகை நீரை நன்கு தாங்கும். பழைய உடலில் உறுதியாய்ப் பற்றுவதற்கு எபாக்ஸி சிறந்தது. ஆனால் விலை மிகுதி. மேலும் எபாக்ஸி பூசிய இடத்தின்மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிப்பதில்லை. எனவே எதைக் கொண்டு தொடங்குகிறோம் என்பதை முன்னரே முடிவு செய்யவேண்டும். மழை நாளிலும் கடும் வெயிலிலும் இவ்வேலை ஆகாது. நம் ஊர் வெயிலில் ரெசின் தூரிகையை எடுப்பதற்குள் இறுகிவிடும். ஆகவே காலைப் பொழுதும் நிழலும் உகந்தவை.

வீட்டிலுள்ளோர் அறிய வேண்டியது

இந்தப் பகுதியைச் சகோதரிகள் குறிப்பாகப் படிக்க வேண்டுகிறேன். வேலை நடப்பது கடற்கரையில் மட்டுமன்று. பல சமயம் வீட்டு முற்றத்திலும் சந்திலும் நடக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அண்டை வீட்டாரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர்.

ரெசினிலிருந்து எழும் கடும் வாடை ஸ்டைரீன் என்னும் ஆவி. ஏறத்தாழ முப்பத்தொரு பாகை வெப்பத்திலேயே தீப்பற்றத் தக்க அளவு ஆவியை அது வெளியிடும். நம் கோடையில் நிழலிலேயே அவ்வெப்பத்தைக் கடந்துவிடுகிறோம். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சமையற்கட்டை அடையும். ஆகவே வேலை நடக்கையில் அருகில் அடுப்போ, பீடி சிகரெட்டோ, விளக்கோ எரியலாகாது. தூரிகை கழுவும் அசிட்டோன் இதனினும் விரைவில் தீப்பற்றும்.

ரெசினை இறுகச் செய்ய இரு திரவங்கள் சேர்க்கப்படுகின்றன. ஒன்று கோபால்ட், மற்றொன்று ஹார்டனர். இவ்விரண்டையும் ஒருபோதும் நேராகக் கலக்கலாகாது. கலந்தால் தீயோ வெடிப்போ நேரும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலக்கி, அதன் பின்னரே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். பொதுவாக ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து முதல் இருபது மில்லி ஹார்டனர் போதும். டப்பாவில் குறித்துள்ள அளவே இறுதியானது. கலக்கி மிஞ்சிய ரெசினை வாளியில் அப்படியே விட்டால் தானே சூடேறிப் புகையும். தட்டில் பரப்பி, திறந்தவெளியில் இறுகவிட வேண்டும்.

ஹார்டனர் தண்ணீரைப் போலவே நிறமற்றது. அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது குழந்தையின் உயிரோடு விளையாடுவதாகும். வாங்கிய டப்பாவிலேயே, உணவுப் பொருள்களுக்கு அப்பால், பிள்ளைகள் கைக்கெட்டாமல், வெயில் படாமல் வைக்கவும். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம். உடனே குறைந்தது பதினைந்து நிமிடம் நன்னீரால் இடைவிடாது கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லவும். இழை தேய்க்கும் தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும்; முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். அந்த உடைகளைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

மேம்பாடு எதில்?

உடல் தேறியபின் மேம்பாட்டைப் பற்றி எண்ணலாம். அங்கும் முதலிடம் எஞ்சினுக்கன்று, மிதவைக்கே. கட்டுமரத்திற்கும் பைபர் படகிற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். கண்ணாடியிழை நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. நீர் நிறைந்துவிட்டால், மிதவை வைக்கப்படாத படகு கல்லைப்போல் அமிழும்.

எடுத்துக்காட்டாக, அறுநூறு கிலோ உடலும் நூறு கிலோ எஞ்சினும் கொண்ட படகைக் கொள்வோம். நீரில் அமிழ்ந்தபின் உடலின் எடை சுமார் இருநூறு கிலோ. எஞ்சின் எண்பது, தொண்ணூறு கிலோ. ஆக முந்நூறு கிலோவைத் தாங்க, கிட்டத்தட்ட முந்நூறு லிட்டர் மிதவை வேண்டும். பற்றிக்கொண்டு மிதக்கும் ஆட்களுக்காக இன்னும் நூறு லிட்டர் கூட்டினால் நானூறு. நீர் புகாத நுரைப்பாளங்களை இருக்கைகளின் கீழும் பக்கவாட்டிலும் அடைத்து வைக்கலாம். இயலாதவர் இறுக மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கேன்களை அசையாதபடி பிணைக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தெர்மோகோல் மீது பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்து போகும், பெட்ரோல் பட்டாலும் அவ்வாறே. மேலே மூடி அழகாய்ப் பூசியிருப்பர்; உள்ளே மிதவை இராது.

எஞ்சினை மாற்றுவதாயின், பின்பலகை எத்துணைத் திறனுக்குக் கட்டப்பட்டது என்பதை அறிந்தே மாற்ற வேண்டும். கனமான எஞ்சின் பின்பகுதியை அமிழ்த்தும்; பின்வரும் அலை எளிதில் உள்ளே ஏறும். விசை கூடினால் பலகையின் மீதும் அடியின் மீதும் அடி கூடும். மாற்றத்தைப் படகுப் பதிவில் சேர்ப்பது குறித்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து செய்வது நலம். பொருத்தும் ஆணிகள் துருப்பிடிக்காத உயர்தர எஃகாய் இருக்கட்டும். கடலிலிருந்து வந்ததும் எஞ்சினின் குளிர்விப்புப் பாதையில் நன்னீர் செலுத்திக் கழுவினால் அதன் ஆயுள் நீளும். இதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீரே. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் உயிர்காப்புச் சட்டை இல்லாத படகைச் 'சீர்செய்யப்பட்ட படகு' என்று அழைக்கலாகாது.

சில படகுகள் சீர்செய்யும் நிலையைக் கடந்தவை. பின்பலகை, அடி, உள் தாங்கிகள் மூன்றும் கெட்டு, கையால் அழுத்தினாலே பக்கங்கள் நெளியுமாயின், அதற்குச் செலவிடும் பணம் வீண். மரப்படகு விறகுக்காவது ஆகும். கண்ணாடியிழையோ மக்காது, எரித்தால் நச்சுப்புகை சூழும். அதனால்தான் உள்ள படகை உரிய காலத்தில் பேணுவது, செலவைக் குறைப்பதோடு கரையையும் காப்பதாகிறது.

ஆகவே, சேமித்த பணத்தை எடுக்கும் முன் ஒரு சுத்தியலை எடுங்கள். முதலில் உடல், அடுத்து மிதவை, அதன்பின் எஞ்சின், இறுதியில் சாயம் என்னும் வரிசை மாறாதிருக்கட்டும். வீட்டிலிருக்கும் சகோதரிகளும், "எஞ்சின் என்ன விலை?" என்று கேட்பதற்கு முன், "பின்பலகையைத் தட்டிப் பார்த்தீர்களா? மிதவை வைத்தீர்களா?" என்று கேளுங்கள். கடலுக்குச் செல்பவர் உங்கள் வீட்டு மனிதர். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.