வாலும் தலையும் ஒன்றானவன்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட்டின் கம்பிவேலிக்கு அப்பால், ஆவாரையும் கருவேலமும் மண்டிய செம்மண் மேடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு விரையும் நம் கால்களுக்கு அது வெறும் தரிசு. ஆனால் அந்த மண்ணுக்குள் உடலைப் புதைத்து, முகத்தை மட்டும் விளிம்பில் வைத்து, இரவெல்லாம் காத்துக்கிடக்கும் ஓர் உயிர் உண்டு. மண்ணுளிப் பாம்பு, சிலர் வாயில் இருதலை மணியன்.

அதன் மேனியைச் சற்றே நின்று பார்ப்போம். மண்ணைப் பிளக்க ஆப்பு வடிவில் மூக்கு. மணலுக்கு அஞ்சிச் சிறுத்த கண். அதில் இருளுக்கென்றே நெட்டுவாக்கில் கீறிய பாவை. வெளிக்காது இல்லை. தரையில் பதிந்த தாடை எலும்பின் வழியே எலியின் நடமாட்டத்தை உணர்கிறது. விடியவிடியக் கண்டெய்னர் லாரிகள் அதிரவைக்கும் நிலத்தில் எலியின் காலடியை அது எப்படிப் பிரித்தறிகிறதோ! இரையைச் சுற்றி இறுக்கியே கொல்கிறது. முட்டையிடாமல் குட்டிகளாகவே ஈனுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய விந்தை அதன் வால். கூர்ந்து முடியாமல் தலையைப் போலவே மழுங்கி நிற்கிறது. பகை நெருங்கினால் தலையைச் சுருளுக்குள் ஒளித்து, வாலைத் தலையென உயர்த்திக் காட்டும். வரும் கடியை வால் வாங்கிக்கொள்ளும், உயிர் தப்பும். தழும்பேறிய வால்கள் அதற்குச் சாட்சி. எதிரியைக் காயப்படுத்தாமலே பிழைக்க இப்படியும் ஒரு வழியைப் படைப்பு யோசித்து வைத்திருக்கிறது.

அந்த வரத்தையே நாம் சாபமாக்கினோம். நக்கினால் குஷ்டம் வரும் என்று அடித்தோம். வாலில் கண்ணும் வாயும் போலக் கீறி வித்தை காட்டினார்கள். இரட்டைத் தலை செல்வம் தருமென்று எடை போட்டுக் கள்ளத்தனமாக விற்கிறார்கள். செல்வமே வேண்டுமென்றால், வயல் எலிகளை அது தின்று தீர்த்ததில் மிஞ்சிய நெல்லை அளந்து பார்த்திருக்கலாம்.

1978-இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்சுமுறி மருந்துக்காக நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் நஞ்செடுக்கிறது. மண்ணுளி அந்த வரிசையில் இல்லை. எடுக்க அதனிடம் ஒரு துளி நஞ்சும் கிடையாது.

பாம்பினத்தின் கதையோ நம்மைவிட வெகு பழையது. கட்ச் பகுதியின் பானந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் 2005-இல் கிடைத்த முள்ளெலும்புகளை முதலில் முதலையுடையவை என்றே எண்ணினார்கள். 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, 11 முதல் 15 மீட்டர் வரை நீண்டிருக்கக்கூடிய பாம்பு அது என்று 2024-இல்தான் ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அறிவித்து, ஈசன் கழுத்தின் வாசுகியின் பெயரைச் சூட்டினார்கள். நம் காலடியும் சும்மா இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைப் படிவுகளில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரங்களும், கடல்வாழ் அம்மோனைட்டுகளும் கல்லாய்ப் படிந்திருக்கின்றன. கடல் வந்து போன அந்த நிலத்தின் மேல்தோலில் ஒரு சாண் ஆழம் போதும் என்று வாழ்கிறது நம் மண்ணுளி.

அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அஸ்திவாரக் குழியில் அகப்பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வேலியோரம் தென்பட்டால் அதுகூட வேண்டாம். மண்வெட்டியைக் கீழே வைத்தால் போதும், தன் வழியை அது தானே தோண்டிக்கொள்ளும்.